சொத்தைக்கு லேசர் சோதனை: அந்த எண் என்ன சொல்கிறது?

பல் டாக்டர் ஒரு கருவியை எடுத்து, அதன் நுனியைக் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்து மெல்லச் சாய்க்கிறார். பல்லில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. கருவி ஒலிக்கிறது, ஓரிடத்துக்கு வந்ததும் ஒலி சட்டென்று ஏறுகிறது. சின்னத் திரையில் 27 என்று எண் தெரிகிறது. "உள்ளே சொத்தை ஆரம்பிச்சிருக்கு, அடைச்சிடலாம்" என்கிறார். உங்களுக்கு வலி கிடையாது, கூச்சம் கிடையாது. கண்ணாடியில் பார்த்தால் ஓட்டையும் கிடையாது. சரி என்று தலையாட்டுவதா, கொஞ்சம் யோசிப்பதா?

லேசர் என்று கேட்டாலே கேள்வி கேட்கத் தயங்குகிறோம். இயந்திரமே சொல்லிவிட்ட பிறகு நாம் என்ன சொல்வது என்று தோன்றிவிடுகிறது. கருவி சரியாகத்தான் அளக்கிறது. ஆனால் அது அளப்பது சொத்தையின் ஆழத்தை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அளப்பது வேறு ஒன்றை. அந்த வேறுபாடு தெரிந்தால், 27 என்ற எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் சொத்தை எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம். பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகங்கள். நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த இடத்தின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவில் ஒரு பகுதியைத் திரும்பப் படிய வைக்கும். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும், ஒவ்வொரு சர்க்கரை போட்ட டீக்குப் பிறகும் இந்தக் கரைதலும் படிதலும் நடக்கின்றன. படிவதைவிடக் கரைவது மாதக்கணக்கில் அதிகமாக இருந்தால் எனாமல் உள்ளுக்குள் நுண்துளைகளாகிறது. அதுதான் சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் ஓட்டை விழுந்திருக்காது. ஃபுளோரைடும் உணவுப் பழக்கமும் கைகொடுத்தால் பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கருவியைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். சில பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. எப்படித் தேய்த்தாலும் பிரஷ் உள்ளே போகாது. ஆறு வயதையொட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லில் சொத்தை அடிக்கடி தொடங்குவது இந்தப் பள்ளங்களில்தான். தொடங்கும் இடம் பள்ளத்தின் இரு சுவர்களும் அடிப்பகுதியும். மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. அங்கிருந்து எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் உள்ள மென்மையான டென்டினுக்குள் நுழைந்துவிட்டால் பக்கவாட்டில் பரவும். ஃபுளோரைடு பற்பசை பரவலான பிறகு மேல் எனாமல் உறுதியாகவே நிற்கிறது, உள்ளே டென்டின் கெட்டுப்போகிறது. பெயின்ட் பளபளக்கும் கதவு நிலையைக் கரையான் உள்ளுக்குள் அரித்திருப்பது மாதிரி. இதைப் பல் மருத்துவத்தில் மறைந்த சொத்தை என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் இருந்த வழி, கூரான கொக்கி போன்ற ஊசியைப் பள்ளத்தில் அழுத்திப் பார்ப்பது. ஊசி மாட்டிக்கொண்டால் சொத்தை. நம்மில் நாற்பதைத் தாண்டிய பலருக்கு அந்த ஊசி நினைவிருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த எக்ஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும் 1987-ல் ஊசி பட்ட பற்களை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த அழுத்தமே பலவீனமான எனாமலை உடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். தானாக ஆறியிருக்கக்கூடிய இடத்தில் சோதனையே ஓட்டை போட்டுவிடுகிறது. மேலும் பள்ளம் குறுகலாக இருந்தாலே ஊசி மாட்டும். அதற்குச் சொத்தை இருக்க வேண்டியதில்லை. அதனால் இப்போது கூரான ஊசிக்குப் பதில் நுனி உருண்ட குச்சியால் மெல்லத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எக்ஸ்ரேக்கும் எல்லை உண்டு. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் வரும் சொத்தையைப் பிடிக்க எக்ஸ்ரேவைவிட நல்ல துணை இல்லை. ஆனால் மெல்லும் பரப்பில், பள்ளத்தைச் சுற்றிலும் கனமான எனாமல் நிற்கிறது. படத்தில் அது ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எனாமலுக்குள் இருக்கும் சிறிய சொத்தையை மறைத்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியும் நேரத்தில் சொத்தை டென்டினுக்குள் கணிசமாகப் போயிருக்கும். கண்ணுக்கும் எக்ஸ்ரேக்கும் நடுவில் இருந்த இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒளிர்வுக் கருவிகள் வந்தன.

பல் ஒளிரும் என்பது பழைய செய்தி. புற ஊதா ஒளியில் பற்கள் ஒளிர்வதை ஸ்டூபெல் என்ற ஆய்வாளர் 1911-லேயே எழுதியிருக்கிறார். 1928-ல் பெனடிக்ட், சொத்தைப் பகுதியின் ஒளிர்வு நல்ல பல்லிலிருந்து மாறுபடுகிறது என்பதைக் கவனித்துச் சொன்னார். அதை மருத்துவமனையில் கையில் பிடிக்கும் கருவியாக மாற்ற இன்னும் எழுபது ஆண்டுகள் பிடித்தன. ஜெர்மனியில் ஹிப்ஸ்ட், கால் என்ற இருவரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, 1998-ல் காவோ நிறுவனம் டயக்னோடென்ட் என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னால் அதே கருவி பேனா வடிவத்தில் சிறிதானது. லேசர் சோதனை என்று பல் மருத்துவர்கள் சொன்னால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அதற்குள் நடப்பது இதுதான். கருவியிலிருந்து 655 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி ஒரு மெல்லிய கண்ணாடி இழை வழியாகப் பல்லுக்குப் போகிறது. அதன் சக்தி ஒரு மில்லிவாட் அளவுதான். சுடாது, வெட்டாது, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் இதில் இல்லை. பல்லைச் செதுக்கும் லேசர் வேறு இனம்; அதோடு இதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. போன ஒளியில் ஒரு பகுதி பல்லுக்குள் இருக்கும் சில மூலக்கூறுகளால் உறிஞ்சப்படுகிறது. அவை வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தை இழந்துவிட்டு, மீதியைக் கூடுதல் அலைநீளமுள்ள ஒளியாகத் திருப்பி உமிழ்கின்றன. இதற்குத்தான் ஒளிர்வு என்று பெயர். சிவப்பாகப் போனது, பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகத் திரும்புகிறது. நடு இழையைச் சுற்றியிருக்கும் இழைகள் அதைத் திரட்டி உணரிக்கு அனுப்புகின்றன. பல்லில் பட்டு அப்படியே எதிரொளித்து வரும் சிவப்பை ஒரு வடிகட்டி தடுத்துவிடுகிறது. மிஞ்சிய அகச்சிவப்பின் வலிமையைக் கருவி 0 முதல் 99 வரை ஓர் எண்ணாகக் காட்டுகிறது.

அப்படியானால் எந்த மூலக்கூறுகள் ஒளிர்கின்றன? நல்ல எனாமல் சிவப்பு லேசருக்கு மிகக் குறைவாகத்தான் ஒளிரும். தாது கொஞ்சம் கரைந்ததாலேயே இந்த ஒளிர்வு கூடிவிடுவதும் இல்லை. கூடுவதற்கு முக்கியக் காரணம் போர்பைரின் எனப்படும் சேர்மங்கள். வாயில் வாழும் சில பாக்டீரியாக்கள் தம் வளர்சிதை மாற்றத்தில் இவற்றை உண்டாக்கி, சொத்தையின் நுண்துளைகளில் விட்டுச்செல்கின்றன. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமும் இதே வேதியியல் குடும்பம்தான். சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா இந்தச் சிவப்பு ஒளிர்வைப் பெரிதாகத் தருவதில்லை. முதிர்ந்த படலத்திலும் கெட்டுப்போன டென்டினிலும் குடியேறும் வேறு சில இனங்களே அதிகம் ஒளிர்கின்றன.

ஆகவே கருவி அளப்பது பாக்டீரியா விட்டுச்சென்ற தடயத்தை. பல் எவ்வளவு தாதுவை இழந்தது என்பதை அது அளப்பதில்லை. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் நேரடியாகப் பின்தொடர்கின்றன. ஒன்று, தாது கரையத் தொடங்கி இன்னும் பாக்டீரியாப் பொருள் உள்ளே ஊறாத மிக இளம் சொத்தையைக் கருவி தவறவிடலாம். நாம் அதிகம் பிடிக்க விரும்புவதும் திருப்பக்கூடியதும் அந்தக் கட்டம்தான். இரண்டு, ஒரு காலத்தில் வந்து, பிறகு அடங்கிப்போய், கரும்பழுப்பாக இறுகிக் கிடக்கும் பழைய சொத்தையிலும் தடயம் அப்படியே இருக்கும். கருவி பெரிய எண்ணைக் காட்டும். சொத்தை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று அதனால் சொல்ல முடியாது. பல் மருத்துவர் முடிவெடுக்க வேண்டியதோ அதை வைத்துத்தான்.

சோதனையை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கும் உணவுத் துணுக்கும் பாக்டீரியாப் படலமும் போக வேண்டும். காரணம், படலத்திலேயே போர்பைரின் இருக்கிறது. பச்சை இலைகளின் பச்சையமும் சிவப்பு நிறத்தில் ஒளிரக்கூடியது. சுத்தம் செய்யப் பயன்படுத்தும் பசையே பள்ளத்தில் தங்கிவிட்டால் அதுவும் எண்ணை ஏற்றும். அதனால் பசை முழுக்கப் போகும்வரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு காற்றடித்து ஈரத்தை எடுக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல் காயக் காய எண் ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு உலர்த்துவதுதான் முறை.

அடுத்து, கருவியோடு வரும் பீங்கான் வில்லையில் நுனியை வைத்து அளவைச் சரிபார்ப்பார்கள். பிறகு உங்கள் வாயிலேயே நன்றாக இருக்கும் ஒரு பல்லின் வழுவழுப்பான பரப்பில், பெரும்பாலும் முன்பல்லின் நடுப்பகுதியில், நுனியை வைத்து அந்த அளவைப் பூஜ்யமாக்குவார்கள். ஒருவர் பல்லின் இயல்பான ஒளிர்வு இன்னொருவருடையது போல் இருக்காது என்பதால் இந்தப் படி முக்கியம். அவசரத்தில் விட்டுப்போகிற படியும் இதுதான். அதன் பிறகே சந்தேகப்படும் பள்ளத்தில் நுனியை வைத்து, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துத் தேடுவார்கள். ஒளி போகும் திசையில் உள்ளதைத்தான் கருவி உணரும். பள்ளத்தின் ஒரு சுவரில் இருக்கும் சொத்தை, நுனியை நேராகப் பிடித்தால் அகப்படாமல் போகலாம். திரையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று அந்தக் கணத்தின் அளவு, மற்றது அந்த இடத்தில் இதுவரை எட்டிய உச்சம். பதிவு செய்ய வேண்டியது உச்சத்தை.

இனி எண்ணின் பொருள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்ரியன் லுஸ்ஸியும் அவர் குழுவும் 2001-ல் நோயாளிகளிடம் செய்த ஆய்வின் அடிப்படையில் ஒரு வரையறை தந்தார்கள். 13 வரை கவலை இல்லை. 14 முதல் 20 வரை எனாமல் அளவிலான சொத்தை. ஃபுளோரைடு போன்ற தடுப்பு போதும். 21 முதல் 29 வரை அந்த நபருக்குச் சொத்தை வரும் அபாயம் எவ்வளவு என்று பார்த்துத் தடுப்போ அடைப்போ. 30-ம் அதற்கு மேலும் என்றால் அடைப்பதைப் பற்றி யோசிக்கலாம். கவனியுங்கள், நம் 27 விழுவது நடுவில் இருக்கும் பகுதியில். அங்கே கருவியை ஆராய்ந்து வரையறை தந்தவர்களே எண்ணை மட்டும் வைத்து அடைக்கச் சொல்லவில்லை. பின்னால் வந்த பேனாக் கருவிக்கு எல்லைகள் வேறு. ஆய்வுக்கு ஆய்வும் அவை மாறுகின்றன. பழைய கருவியின் அட்டவணையைப் புதிய கருவியின் எண்ணோடு பொருத்திப் பார்ப்பது தவறு.

எண்ணைப் பொய்யாக ஏற்றிவிடும் காரணங்கள் நம் ஊரில் நிறைய. காபி, டீ கறை, வெற்றிலை பாக்குக் கறை, புகையிலைக் கறை, பல்லில் இறுகிய காரை, பழைய ஃபில்லிங்கின் ஓரம், சில வகைப் பிசின் அடைப்புகள் எல்லாமே ஒளிர்வைக் கூட்டக்கூடியவை. பல் உருவாகும்போதே எனாமல் சரியாக இறுகாமல் போனவர்களுக்கும் எண் கூடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அங்கு வளர்ந்த பலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைத் தணிக்கத்தான். அப்படிப்பட்ட பல்லில் கருவி காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு சொத்தை என்று முடிவு கட்டினால் நல்ல பல்லைக் குடைய நேரிடும். இவர்கள் கருவியை வைப்பதற்கு முன்பே தங்கள் ஊரையும் குடித்து வளர்ந்த தண்ணீரையும் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

கருவி எவ்வளவு நம்பகமானது என்ற கேள்விக்கு வருவோம். மருத்துவ ஆதாரங்களைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, ஒளிர்வை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் பற்றி 2020-ல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 133 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஆரம்பக் கட்டச் சொத்தை உள்ள இடங்களில் சுமார் 70 சதவீதத்தை இந்தக் கருவிகள் பிடித்தன. நல்ல இடங்களில் சுமார் 78 சதவீதத்தை நல்லது என்று சரியாகச் சொன்னன. முதல் பார்வைக்கு மோசமில்லை என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓரளவு நன்றாகப் பல் தேய்க்கும் மக்களிடம் 1000 பள்ளங்களைச் சோதிக்கிறோம், அவற்றில் 100-ல் மட்டும் உண்மையில் சொத்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி அந்த 100-ல் 70-ஐப் பிடிக்கும், 30 தப்பும். மீதி 900 நல்ல பள்ளங்களில் 78 சதவீதம், அதாவது 702-ஐ நல்லது என்று சொல்லும். மிச்சம் 198 நல்ல பள்ளங்களைச் சொத்தை என்று சொல்லும். மொத்தம் 268 இடங்களில் கருவி சொத்தை என்கிறது. அதில் உண்மை 70 மட்டுமே. நான்கில் ஏறக்குறைய மூன்று தவறு. இதே கருவியைப் பாதிக்குப் பாதி சொத்தை இருக்கும் மக்களிடம் வைத்தால், அது சொத்தை என்று சொல்வதில் நான்கில் மூன்று சரியாக இருக்கும். கருவி மாறவில்லை, யாரிடம் வைக்கிறோம் என்பதுதான் மாறியது. பல் நன்றாக இருப்பவர் வாயில் கருவியின் எச்சரிக்கையை அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அந்தச் சதவீதங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆய்வுகளில் கணிசமானவை பிடுங்கிய பற்களில் செய்யப்பட்டவை. பல்லைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் சொத்தை உண்டா, எவ்வளவு ஆழம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். உயிருள்ளவர் வாயில் நல்ல பல்லை வெட்டிப் பார்க்க எந்த ஆய்வாளரும் துணியக் கூடாது. பிடுங்கிய பல்லைச் சேமிக்கும் திரவமே ஒளிர்வை மாற்றிவிடும் என்பதும் தெரிந்த விஷயம். சோதனைக்கூடத்தில் கிடைக்கும் சுத்தமும் பொறுமையும் வேலைநாள் மாலையில் கூட்டம் நிறைந்த கிளினிக்கில் கிடைப்பது அரிது. இந்தக் கருவியைப் பற்றி 2004-லேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பேடர், ஷுகர்ஸ் இருவரும், கண்ணால் பார்ப்பதைவிட இது அதிகம் பிடிக்கிறது, ஆனால் நல்ல பல்லைச் சொத்தை என்று சொல்வதும் அதிகம், ஆகவே இதையே முதன்மைச் சோதனையாக நம்பக் கூடாது என்று எழுதினார்கள். இருபது ஆண்டு கழித்தும் அந்தத் தீர்ப்பை மாற்றக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் கருவி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பள்ளத்தைப் பார்த்து டாக்டருக்கே சந்தேகம் வருகிறது, எக்ஸ்ரேயிலும் தெளிவில்லை என்னும் இடத்தில் இரண்டாவது சாட்சியாக இது மிகவும் பயன்படும். அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க விரும்பாத கர்ப்பிணிகளுக்கும் வலி என்றாலே வாயைத் திறக்காத குழந்தைகளுக்கும் உகந்தது. எல்லாவற்றையும்விட இதன் நல்ல பயன், தொடர்ந்து கண்காணிப்பது. ஒரே பள்ளத்தை ஒரே கருவியால் ஒரே முறையில் சில மாத இடைவெளியில் அளந்து வந்தால், எண் நிலையாக நிற்கிறதா, ஏறுமுகமா என்று தெரியும். இரண்டு மூன்று எண் கூடுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரே இருமுறை அளந்தாலும் அந்த அளவு வித்தியாசம் வரும். தெளிவாக மேலே போய்க்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். பற்கள் ஒட்டும் இடுக்கில் இதற்கென்று தனி நுனி இருந்தாலும், அங்கே எக்ஸ்ரே தரும் தகவலுக்கு இது ஈடாகாது. ஃபில்லிங்கின் அடியிலும் பால் நிற சீலன்ட் பூச்சு போட்டு மூடிய பள்ளத்திலும் இதை நம்ப வேண்டாம்.

வேறு வகை ஒளிர்வுக் கருவிகளும் உண்டு. நீலம் அல்லது ஊதா ஒளியைப் பாய்ச்சிக் கேமராவில் படமெடுப்பவற்றில் நல்ல பல் பச்சையாகவும் பாக்டீரியாத் தடயம் சிவப்பாகவும் தெரியும். தாது இழந்த இடம் கருத்துத் தெரிவதால் இளம் வெள்ளைத் திட்டை அளக்க அவற்றில் ஒரு வகை உதவுகிறது. ஒளிர்வையே நம்பாமல் அகச்சிவப்பு ஒளியைப் பல்லின் ஊடாகச் செலுத்தி நிழல் பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. படமாகக் கிடைப்பதில் ஒரு நன்மை: திரையில் நோயாளியும் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

இத்தனை கருவிகள் வந்தும், நல்ல வெளிச்சத்தில், சுத்தமான பல்லை, நிதானமாகப் பார்க்கும் பழகிய கண்ணுக்கு இன்னும் முதலிடம்தான். பல் மருத்துவ உலகில் ஐசிடாஸ் என்று ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. 0 முதல் 6 வரை குறியீடு. பல்லை முதலில் ஈரமாகப் பார்ப்பார்கள், பிறகு ஐந்து விநாடி காற்றடித்து உலர்த்திப் பார்ப்பார்கள். உலர்ந்த பிறகு மட்டும் தெரியும் வெள்ளைத் திட்டு என்றால் சொத்தை மிக இளையது. ஈரத்திலேயே தெரிந்தால் இன்னும் ஆழம். திட்டு சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் சொத்தை ஓடிக்கொண்டிருக்கிறது. வழுவழுப்பாகப் பளபளத்தால் அடங்கிவிட்டது. லேசரால் சொல்ல முடியாத அந்தச் செய்தியை ஒரு காற்றுக்குழாயும் உருண்ட நுனிக் குச்சியும் சொல்லிவிடுகின்றன. விலையுயர்ந்த கருவி இல்லாத கிளினிக் என்பதற்காக யாரும் ஒரு நல்ல டாக்டரைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

நான் இதில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், பல்லைக் குடைவது திரும்பப் பெற முடியாத செயல். எந்த ஃபில்லிங்கும் ஆயுளுக்கும் நிற்பதில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி கொஞ்சம் பெரிதாகும், ஒரு நாள் வேர் சிகிச்சையும் உறையும் தேவைப்படலாம். பதினைந்து வயதில் தேவையில்லாமல் குடைந்த பல், ஐம்பதில் அதன் விலையைக் கேட்கும். மறுபக்கம், ஓட்டை விழாத சொத்தைக்குக் குடையாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, மெல்லும் பரப்பில் ஓட்டை விழாத சொத்தைக்குப் பள்ளத்தை மூடும் சீலன்ட் பூச்சையும் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷையும் சேர்த்து முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. பள்ளத்தை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை போகாது. சொத்தை பட்டினியில் நின்றுபோகும். இதற்கு மரத்துப்போக ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம்.

உள்ளே உண்மையிலேயே ஆழமாகப் போயிருந்தால் அடைத்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. கண்ணால் பார்த்ததும், எக்ஸ்ரேயும், கருவியின் எண்ணும் ஒரே திசையைக் காட்டினால் தயங்காதீர்கள். எண் மட்டும் தனியாக நின்றால்தான் கேட்க வேண்டும். அளப்பதற்கு முன் சுத்தம் செய்தீர்களா? என் நல்ல பல்லில் வைத்துப் பூஜ்யம் பண்ணினீர்களா? பள்ளத்தில் கண்ணுக்கு என்ன தெரிகிறது? எக்ஸ்ரேயில் டென்டினில் நிழல் இருக்கிறதா? சொத்தை இப்போது ஓடுகிறதா, அடங்கியதா? சீலன்ட் போட்டுவிட்டு ஆறு மாதம் பார்க்கலாமா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பல நேரம் அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பல், எந்தப் பள்ளம், எந்தக் கருவி, எத்தனை எண், என்ன தேதி என்று உங்கள் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பற்களுக்கே எண் உண்டு. கீழ்த்தாடையில் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல் 36, வலப்பக்கத்தது 46. பல்லின் எண்ணும் கருவியின் எண்ணும் குழம்பாமல் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனாலும் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.